சவர்க்கார ஆலைப் படம்

“நிப்பாட்டுங்கோ தம்பி! எங்கடை அப்பா போறார்!”

உதயகலா கத்தியதும் வாகீசன் படத்தை நிறுத்தினான். திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தவள், “சீ, இவர் வயசாளி” என்று திரும்பி வந்தாள். முன்பும் இப்படித்தான் இரண்டொரு தடவை ஏமாந்திருந்தாள்.

அச்சுவேலியில் ஒரு காலத்தில் இயங்கிய சவர்க்கார ஆலையைப் பற்றிய பழைய விவரணப் படம் அது. லண்டனில் கிடைத்த பிரதியை வாகீசன் வாசிகசாலையில் போட்டுக் காட்டினான்.

உதயகலாவின் தகப்பன் அங்கேதான் வேலை செய்தவர். அவள் வயிற்றில் இருக்கும்போதே காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய ஒரே புகைப்படமும் அவளுக்கு விவரம் தெரியமுன்னரே இடப்பெயர்வோடு தொலைந்துவிட்டது. வரமாட்டேன் என்ற தாய் அருமைநாயகியையும் அவள் இழுத்து வந்திருந்தாள். ஆனால் சீனி வியாதியில் தாய்க்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

“அப்பா எப்பிடி அம்மா இருப்பார்?”

“நல்ல உயரம்.”

“மீசை?”

“வைப்பார், வழிப்பார்.”

திரையில் கொப்பரை கொதித்தது. ஆட்கள் முதுகைக் காட்டியபடி போனார்கள். திரும்பியவர்களின் முகத்தை ஆவி மறைத்தது. படம் முடிந்துவிடுமோ என்ற பதற்றத்தில் உதயகலா திரைக்கு அருகிலேயே போய் நின்றுகொண்டாள்.

“உந்தப் படக்காரர் வந்தண்டைக்கு ஆலை வாசலிலை ஒரே சனம்,” என்றாள் அருமைநாயகி வாகீசனிடம். “அவையின்ரை வெளிச்சத்தைக் கண்டு இவள் என்ரை இடுப்பிலை இருந்து வீரிட்டு அழுதவள்.”

அப்போது, சவர்க்காரம் வெட்டிக்கொண்டிருந்த உயரமான ஒருவர் நிமிர்ந்து சிரித்தார்.

“அம்மா! என்ரை நெத்தி! என்ரை மூக்கு! இவர்தானே அம்மா?”

அருமைநாயகி தலையாட்டினாள். “ஓம் பிள்ளை. அவர்தான்.”

உதயகலா திரையைத் தடவித் தடவி அழுதாள். பிறகு அந்த முகத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள். “பெரிசாக்கிச் சாமியறையிலை மாட்டப்போறன்” என்றபடி ஓட்டோ பிடிக்க வெளியே ஓடினாள்.

வாகீசனுக்கும் கண் கலங்கியிருந்தது. “உங்களுக்கும் பெரிய ஆறுதல், என்னம்மா?”

அருமைநாயகி குரல் வந்த பக்கம் துழாவி அவன் கையைப் பிடித்தாள்.

“அவளுக்குச் சொல்லிப்போடாதை தம்பி. அந்தப் படம் எடுக்கேக்கை அவர் செத்து ஒரு வருசம்.”