சம்பந்தியின் மடி

குன்னூர்க் குளிரில் எமல்டா ஈஸ்ட் போட்டுப் பிசைந்து வைக்கும் கோதுமை ரொட்டி மாவு ஒருநாளும் உப்பியதில்லை, சுட்டெடுத்தால் செங்கல்தான். அன்று ஒரு யோசனை தோன்றி, மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெயிலில் நின்ற காரின் முன் சீட்டில் வைத்தாள். சம்பந்தி சவரிமுத்துவை அழைத்துவர மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பிய கணவர் அதைக் கவனிக்காமல் ஓட்டிப் போய்விட்டார். சவரிமுத்து மகளின் மாமனார். பெருத்த உடம்பு, தொட்டதற்கெல்லாம் குறை சொல்வார். மலைப்பாதை முழுக்கப் பாத்திரத்தை மடியில் அணைத்துப் பிடித்தபடி வந்து இறங்கினார்.

“என்ன தங்கச்சி இது? பர்லியார் தாண்டினதிலிருந்து மூடியைத் தள்ளிக்கிட்டே வருது. உள்ள உசிரோட ஏதும் வச்சிருக்கீங்களா?”

எமல்டா கம்பளியை விலக்கினாள். மாவு பாத்திரத்தை மீறிப் பூரித்து நின்றது. மாலையில் ரொட்டி பஞ்சுபோல வெந்து வந்தது. சம்பந்தி ஒரு குறையும் சொல்லாமல் அரை ரொட்டியைத் தின்றார்.

மறுநாள் காலை அவர் செய்தித்தாளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, எமல்டா புது மாவோடு தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

“அண்ணே, பேப்பர் படிச்சு முடிக்கிற வரைக்கும்…”

சவரிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை இழுத்துவிட்டு, மடியை அகலமாக்கிக்கொண்டார்.