எட்டு அங்குல மெத்தை

எதிர்க்கடைப் படியிலிருந்து காக்கிச் சட்டை ஒன்று இறங்குவதைக் கண்டதும், விற்காமல் கிடந்த எட்டு அங்குல நார் மெத்தையை மெத்தைக்கடைக் குமரவேல் வாரியெடுத்தார். காட்சிக்கு வைத்திருந்த சுவர்க்கட்டிலில் அதைக் கிடத்தி, கட்டிலை மடக்கிச் சுவரோடு சேர்த்து, முழங்காலால் முட்டிக் கொக்கியை மாட்டினார். மெல்லிய மெத்தைக்கென்று அமைந்த கட்டில் அது. மூச்சடக்கி ஒளிந்தவனின் மார்புபோலப் புடைத்து நின்றது.

அந்த மெத்தையின் இணை கிரேஸின் வீட்டில் இருந்தது. சமாதானபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் தந்தையோடு வாழும் செவிலி அவள். சுவர்க்கட்டிலுக்கு ஐந்து அங்குலத்துக்கு மேற்பட்ட மெத்தை ஆகாது, எடையும் குறைந்திருக்க வேண்டும் என்பதை நன்கறிந்திருந்தும், "இதையும் கட்டில் தாங்கும்மா" என்று தேங்கிய சரக்கை அவள் தலையில் கட்டியிருந்தார் குமரவேல்.

நேற்று மாலை, மடக்கி வைத்த கட்டில் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. கீழே அமர்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்த அவள் தந்தை கிருபைராஜின் தோள் பெயர்ந்துவிட்டது.

காலையில் கிரேஸ் தொலைபேசியில் குமுறினாள். "கட்டில் செஞ்சவனைப் போய்க் கேளும்மா" என்றார் குமரவேல். "அதை போலீஸ் வந்து கேக்கட்டும்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

இதோ, வந்தேவிட்டது.

காலடி ஓசை எழவில்லை. அத்துணை பைய உள்ளே வந்து நின்றார் காக்கிச் சட்டைக்காரர். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது.

"முதலாளி நீங்கதானா?"

"ஆமா சார். வாங்க, இங்கன உக்காருங்க." அருகிலிருந்த மெத்தையைத் தட்டிக் காட்டினார் குமரவேல்.

"மெத்தையில உக்காரக் கூடாது."

"ஒரு டீ சொல்லுதேன் சார்."

"வேண்டாம்."

இருக்கையும் ஏற்கவில்லை, ஒரு வாய்த் தேநீருக்கும் இசையவில்லை. இத்தகையவரிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது என்று குமரவேல் உணர்ந்தார்.

"காலையிலயே வந்தேன். கடை திறக்கல. இந்தத் தெருவுல ஒரு கடை விடாமப் போயிட்டுத்தான் வாரேன்."

"எதிர்க்கடைக்காரரு... என்ன சொன்னாரு சார்?"

"அவருக்கென்ன, சிரிச்ச மொகம். உங்க மொகந்தான் வெளிறிக் கெடக்கு. போலீசைக் கண்டா அம்புட்டு பயமோ?"

குமரவேல் சிரிக்க முயன்றார்; உதடுகள் உடன்படவில்லை. அப்போது சுவர்க்கட்டில் ஒருமுறை முனகியது.

வந்தவர் திரும்பிப் பார்த்தார். "அது என்ன, பீரோவா?"

"கட்டில் சார். சின்ன வீட்டுக்கு ஏத்தது. ராத்திரி இறக்கிப் படுத்துக்கிடலாம், விடிஞ்சதும் மடக்கிப்புடலாம்."

"அப்போ மெத்தையை எங்கன வைக்கது?"

"அதுவும் உள்ளதான் சார். காத்தாட விட்டு, பட்டையைப் போட்டு இறுக்கி..."

"உள்ள எதையோ அடைச்சு வச்ச மாதிரில்லா பொடச்சுட்டு நிக்கி."

வந்தவர் நெருங்கிச் சென்று கட்டிலின் அடியில் குனிந்தார். அவர் பிடரிக்கு மேலே கொக்கி இழுபட்டு வளைவதைக் குமரவேல் கண்டார். அக்கணத்தில் காக்கி மறைந்தது. செய்தித்தாளோடு அமர்ந்திருந்த ஒரு முதியவரின் தோளே கண்முன் நின்றது.

"தள்ளிப் போங்க சார்!"

பாய்ந்து அவர் கையைப் பற்றி இழுத்தார். பேரோசையோடு கட்டில் இறங்கியது. கடைக் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. அவர் குனிந்திருந்த இடத்தில், மறைத்துவைத்த மெத்தை மல்லாந்து கிடந்தது.

"ஏ யம்மா!" என்றார் வந்தவர். "நல்லவேளை பிடிச்சு இழுத்திய. நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும் சார், எல்லாம் தெரியும்!" குமரவேல் இடைமறித்தார். "இதே மெத்தையைத்தான் அந்தப் பொண்ணுக்கும் குடுத்தேன். ஆகாதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். இந்தா, உங்க முன்னாலேயே பேசுதேன்."

கிரேஸின் எண்ணை அழுத்தி, இருவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அம்மா கிரேஸு, குத்தம் கட்டில் செஞ்சவன்மேல இல்ல, என்மேலதான். இனி அந்தக் கட்டிலை மடக்காதீங்க, இறங்கியே கெடக்கட்டும். நாலு இஞ்சுல எடையில்லாத ஃபோம் மெத்தை இப்பமே அனுப்புதேன். அப்பாவோட வைத்தியமும் என் பொறுப்பு."

"காலையில வேற மாதிரில்லா பேசினிய?"

"தப்புதாம்மா. கேசை மட்டும் வாபஸ் வாங்கிரு. சார் இங்கனதான் நிக்காங்க."



"எந்த சாரு? அப்பாவை விட்டு நகர முடியாம நான் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். போலீசுக்கு எங்க போனேன்?"

குமரவேல் மெல்லத் திரும்பினார். தெருப்புழுதி படிந்த வெறும் பாதங்கள் இப்போதுதான் அவர் கண்ணில் பட்டன. வந்தவர் காக்கிச் சட்டைக்குள்ளிருந்து விரத மாலையை வெளியே எடுத்துவிட்டு, துணிப்பையிலிருந்த குங்குமத் தட்டைப் பணிவோடு நீட்டினார்.

"குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு, விரதமிருந்து போலீஸ் வேசம் கட்டியிருக்கேன், தசரா காணிக்கை போடுங்க, அண்ணாச்சி!"