பீலியடியில் ஊற்றிய சாயம்

“போன முறை நான் வந்த அண்டைக்கு இங்க சாயம் ஊத்தினது ஆர்?”

சிவம் கேட்டதும், மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியே கொட்டும் பீலியடியில் குடங்களோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரரான சிவம் நீர் ஆய்வு அதிகாரி. அரநாயக்க மலைத் தண்ணீர் மா ஓயா ஆற்று வழியாகக் கடலுக்குப் போய்ச் சேரும்போது என்னவாகிறது என்று பார்க்கிறவர். இலைதழை ஊறிய பழுப்பும் அதோடு ஒட்டிய இரும்பும் கழிமுகத்தில் உப்புப் பட்டதும் திரண்டு அடியில் படிந்துவிடும். ஆய்வுகூடத்தில் கடல்நீர் சேர்த்தபோது எல்லாப் போத்தல்களிலும் அப்படித்தான் படிந்தது. ‘பீலி’ என்று முன்கூட்டியே பெயர் ஒட்டி வைத்திருந்த ஒன்றில் மட்டும் பழுப்பு அசையவே இல்லை. இரும்பும் இல்லை.

யாரோ சாயம் கலக்கிறார்கள், பீலியை மூடிவிடு என்றார் மேலதிகாரி. மூடினால் இந்தத் தோட்ட லயத்து வரிசை வீடுகளின் சனம் ஒவ்வொரு குடத்துக்கும் பள்ளத்து ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். போன முறை தன்னை உட்காரவைத்துச் சோறு போட்டவர்கள். சிவத்துக்கு மனசே இல்லை.

“நான்தாங்க ஐயா ஊத்தினேன்” என்று முன்னால் வந்தாள் அழகம்மா. அன்று சோறு போட்டதும் அவள்தான்.

“ஏன் அக்கா?”

“எங்க பழக்கம்ங்க. வெளியாளுங்க யாரு வந்தாலும் ஊத்துவோம்.”

சிவம் பீலித் தண்ணீரைப் பார்த்தார். “பிள்ளையளும் அதைக் குடிக்குதுகளோ?”

“பல்லு மொளைக்கிறப்பவே குடிக்குதுங்க. ஒண்ணும் ஆகலீங்களே.”

இனி வழியில்லை. பீலியை மூடத்தான் வேண்டும் என்று சிவம் தயங்கித் தயங்கிச் சொன்னார். குடங்கள் நங்கென்று தரையில் இறங்கின.

“நான் சாயம் ஊத்துனதுக்குப் பீலிய ஏங்க மூடுறீங்க?” அழகம்மாவின் குரல் உடைந்தது. “ஒங்க பெட்டியில ஒரு போத்தல் காலியா கெடந்துச்சு. ரம்புக்கனை ஸ்டேசனுக்குப் போறவரைக்கும் தொண்டை காயுமேன்னு அதுல ஊத்தி வச்சேன். சீனி இல்லீங்க, அதான் வெறும் தேயிலைச் சாயம்.”

பெயரை ஒட்டிவிட்டு, சோற்றுக்குப் போன அவசரத்தில் அந்தப் போத்தலில் பீலித் தண்ணீர் பிடிக்க மறந்தது சிவத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பீலிச் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பீலி மூடப்படாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அழகம்மாவின் முகம் மட்டும் வாடியே இருந்தது.

“அப்ப நீங்க அதக் குடிக்கவே இல்லீங்களா?”