பல்லுக்கு வெள்ளையடித்தல்

பெயின்டர் கண்ணாடிக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்று, வாழைப்பழத் தோலின் உட்புறத்தால் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பழம் வீட்டில் யாருக்கும் மிஞ்சவில்லை. தோலுக்காக அவரே நின்ற நிலையில் விழுங்கித் தீர்த்துவிட்டார்.

மகள் குளியலறைக் கதவைத் தட்டினாள். பல் டாக்டரிடம் போக நேரமாகிவிட்டது. போகிற இடத்தில் டாக்டரே சுத்தம் செய்துவிடமாட்டாரா என்று கேட்டாள்.

அவர் பார்ப்பதற்குள் வெளுத்தாக வேண்டும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

எல்லாம் அவள் கல்யாணம் நிச்சயமானதும் தொடங்கிய கூத்து. அன்று எடுத்த போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள் சொன்னாள்:

"எல்லாத்துலயும் வாயைப் பொத்திக்கிட்டே நிக்கிறீங்கப்பா. கல்யாணத்தன்னிக்காவது நல்லா சிரிங்க."

சாதாரணமாகத்தான் சொன்னாள். மனிதருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுநாளே சிகரெட்டைத் தூக்கிப் போட்டார். தேநீரை மட்டும் விட முடியவில்லை. இரண்டும் மாறி மாறிக் கோட்டிங் அடித்த கறை. ஊரார் சுவரையெல்லாம் வெளுத்தவருக்கு இது மட்டும் சவாலாக நின்றது.

மனைவி அடுப்புக்கரியைப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்துக் கொடுத்தாள். வாஷ்பேசின் கறுத்ததுதான் மிச்சம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று மைத்துனன் எடுத்துவிட்டான். இந்தத் தெருவில் இருப்பது விளக்குக் கம்பம் மட்டும்தான், அதை ஒடித்துத் தேய்க்கட்டுமா என்று இவர் திருப்பிக் கேட்டார்.

எதிர்வீட்டுத் தையல்காரர் நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொன்னார். வாய் நிறைய எண்ணெயோடு நிற்கும்போது காண்டிராக்டர் போன் செய்ய, கேட்டதற்கெல்லாம் 'ம்' போட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் தலையாட்டி வைத்தார்.

பிறகு சோடா உப்பு. கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆசை யாரை விட்டது? எலுமிச்சையை எடுத்தார். மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். புளிப்பு பல்லை அரித்துவிடும், உள்ளதும் போய்விடும் என்று அதட்டினாள்.

இன்று கடைசி நாள். கையில் இருப்பது வாழைப்பழத் தோல் ஒன்றுதான்.

கதவு திறந்தது. ஈரத் துண்டோடு வெளியே வந்தவரை மனைவி நேராக ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது இத்தனை வருஷம் அவரோடு குப்பை கொட்டியதில் அவளுக்கும் பாடமாகியிருந்தது. மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

வெளுத்திருந்தது. கரியோ, உப்போ, தோலோ, எதன் புண்ணியமோ, நன்றாகவே வெளுத்திருந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மகளுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் ஏன் இந்தப் பாடு என்று மறுபடியும் கேட்டாள்.

"டாக்டர் ஷேடு கார்டை இது பக்கத்துல வெச்சுப் பார்த்துத்தான் கலர் முடிவு பண்ணுவாராம். இது என்ன கலரோ, கட்டப்போற பல்லு மொத்தமும் அதே கலர்தானாம்" என்றார் அவர்.

பெயின்டர் மகள் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டாள். சுவரில் ஒட்டுப் போடுகிறவன் பழைய சுவரின் நிறத்தைப் பார்த்துத்தானே கலக்குவான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

மேல்வரிசையின் நடுவில், அக்கம்பக்கம் யாரும் இல்லாமல், பளிச்சென்று நின்றது அவருடைய ஒரே பல்.