செக்கிங் நடேசனின் கண்

படகின் இன்ஜின் நின்றதும், வந்து சேர்ந்துவிட்டோம் என்று அறிவித்து, நடேசன்தான் முதலில் வேட்டியை அவிழ்த்து டிராயரோடு நின்றான். படகோட்டி வாயைத் திறக்காமல் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கமாகக் கடலில் குதித்தான். நமக்காகப் பவளம் வெட்டி எடுத்து வரப் போகிறான் என்று நடேசன் விளக்கமும் கொடுத்தான்.

சுங்குவார்சத்திரத்து போல்ட் கம்பெனியில் வருடா வருடம் டூர் என்றால் திருப்பதிதான். இந்த எழுபத்தெட்டாம் வருடம், மொட்டை அடித்தது போதும், தெற்கே கடலோரம் மண்டபம் வரை போய்ப் படகேறி, தீவுப் பக்கம் கடலுக்கடியில் பவளப்பாறை பார்ப்போம் என்று நடேசன் இரண்டு மாதம் தொண்டை வறளப் பேசி, பத்துப் பேரை வேனில் ஏற்றியிருந்தான். இடுப்பொடிய உட்கார்ந்து வந்த அந்தப் பத்துப் பேரும் இப்போது அவன் முகத்தையே பார்த்தார்கள்.

முகத்தில் மாட்டுகிற கண்ணாடியும் வாயில் கடிக்கிற ரப்பர் குழாயும் படகில் ஒரே ஒரு ஜோடிதான். நடேசன் அதை மாட்டிக்கொண்டு, படகோரத்தில் கட்டியிருந்த லாரி டயரைக் கெட்டியாகப் பிடித்தபடி இறங்கித் தலையை முக்கினான். ஏரியில் மாடு குளிப்பாட்டிய தைரியம் அவனுக்கு அந்த டயர் வரைதான் இருந்தது.

உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. ஆறிப்போன டீ நிறத்தில் ஒரே கலங்கல். கண்ணைச் சுருக்கினான், விரித்தான், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி முக்கினான். டீதான்.

இதை வெளியே சொன்னால் ரிட்டையர் ஆகிறவரை கம்பெனியில் தலை காட்ட முடியாது. மெல்லத் தலையைத் தூக்கி, "இன்னா கலருப்பா, கண்ணு கூசுது" என்றான்.

அடுத்து இறங்கியவன் பலராமன். நடேசன் கிழக்கு என்றால் மேற்கு என்பவன். திருப்பதிக்கே போகலாம் என்று கடைசி வரை மல்லுக்கு நின்றவன். மானம் கப்பலேறப் போகிறது என்று நடேசன் டயரோடு ஒட்டிக்கொண்டான். பலராமன் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி மூக்கைச் சிந்திவிட்டு, மஞ்சளில் நீலக்கோடு போட்ட மீன் ஒன்று தன் மூக்குக்கு நேராகப் போனது என்றான்.

நடேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பாக்கிங் செக்ஷன் ஞானம்மா படகில் குப்புறப் படுத்து முகத்தை மட்டும் நனைத்தாள். தன் கல்யாணப் புடவை முந்தானை மாதிரி ஒரு பாறை இருக்கிறது, பூப்பூவாக அசைகிறது என்றாள். அப்புறம் ஆளுக்கொன்று தெரிந்தது. ஒருவருக்கு ஆமை, ஒருவருக்குக் கடல்குதிரை. சூப்பர்வைசர் யாக்கோபு சாருக்கு ஒரு சுறாக்குட்டியே தரிசனம் கொடுத்தது. படகோட்டி மட்டும் பின்பக்கம் மூச்சு வாங்க மேலே வருவதும் முங்குவதுமாக இருந்தான்.

நடேசன் இன்னொரு முறை இறங்கிப் பார்த்தான். டீ.

படகில் ஏறி உட்கார்ந்தபோதுதான் தன் வேலை ஞாபகம் வந்தது. கம்பெனியில் அவனுக்கு வேலையே கண்தான். லாரி பிரேக்குக்குப் போகிற போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடியளவு விரிசல் இருந்தாலும் தள்ளிவிடுகிற செக்கிங் வேலை. மற்றவர்கள் மெஷின் முன்னால் கால் கடுக்க நிற்க, அவன் மட்டும் பன்னிரண்டு வருடமாக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தன் கண்ணைத் தப்பி ஒன்றும் போகாது என்று அலட்டிய அலட்டல் கொஞ்சமா? எல்லோருக்கும் தெரிகிற சுறாக்குட்டி தெரியாத கண்ணுக்கு, முடியளவு விரிசல் எங்கே தெரியப்போகிறது?

ஸ்டூல் போனால்கூடப் போகட்டும். போன மாதம் தான் பாஸ் பண்ணி அனுப்பிய பெட்டிகளில் எத்தனை விரிசல் போனதோ, எந்த லாரி எந்த ரோட்டில் பிரேக் பிடிக்காமல் ஓடுகிறதோ என்று நினைத்ததும் உடம்பெல்லாம் நடுங்கியது. நிஜமாகவே பயந்துபோனான். குளிர் என்று நினைத்து ஞானம்மா துண்டை நீட்டினாள்.

வாங்கிக்கொள்ளாமல் நேரே யாக்கோபு சார் முன்னால் போய் நின்றான்.

"சார், எனக்குக் கண்ணு பூடுச்சி சார். உள்ள ஒண்ணுமே தெர்ல. கலரு கிலருன்னு சொன்னதெல்லாம் பொய்யி. திங்கக்கெழமைலேர்ந்து செக்கிங்க பலராமனாண்ட குடுத்துடுங்க, அவனுக்கு நல்லா தெரியுது. போன மாசம் நான் பாஸ் பண்ணி வுட்ட பொட்டிய எல்லாம் திருப்பி வரவைங்க சார்."

பன்னிரண்டு வருடத்தில் அவன் பலராமனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

யாக்கோபு சார் தன் சட்டைப் பொத்தானைக் கவனமாகப் பார்த்தார். பலராமன் வானத்தைப் பார்த்தான். ஞானம்மா துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். தன்மேல் உள்ள பரிதாபத்தில்தான் எல்லோரும் இப்படி வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நடேசன் நினைத்துக்கொண்டான். இவ்வளவு நல்ல மனிதர்களிடமா இத்தனை வருடம் அலட்டினோம் என்று கண்கூடக் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துப் படகோட்டி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான். இன்ஜின் விசிறியில் சுற்றிய பாசியை ஒருவழியாக அறுத்துவிட்டதாகச் சொன்னவன், சொட்டச் சொட்ட நின்ற கூட்டத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இங்குன எதுக்குண்ணே எறங்குனீக, வெறும் சேறுதான இருக்கு? பாறைக்கு இன்னும் அரை மணி ஓடணும்."