பூட்டிய வீட்டுக்குள் பாஸ்போர்ட்

பூட்டு தொங்கியது.

அவள் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். இழுத்தால் வந்துவிடுமா என்ன.

உள்ளே அவளுடைய கைப்பை. பைக்குள் பாஸ்போர்ட்.

கீழே கார்க்காரர் மறுபடியும் ஹாரன் அடித்தார்.

எல்லாம் ராகு காலத்தால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை. திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பவேண்டிய நேரம் சரியாக ராகு காலத்தில் போய் விழுந்தது. விமானக் கம்பெனிக்காரனுக்குப் பஞ்சாங்கமா தெரியும்? அதனால் அப்பா பரஸ்தானம் வைத்துவிட்டார். காலையிலேயே நல்ல நேரம் பார்த்து, பயணப் பை ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பது. பை புறப்பட்டுவிட்டால் ஆளும் புறப்பட்டதாகக் கணக்கு. அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம், போகிறபோக்கில் பையை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு துணிப்பையில் துண்டை வைத்துக் கொடுத்திருந்தால் போதும். அவள் இருந்த பதற்றத்தில் தோளில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு மெஹருன்னிசா அத்தை அதைத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டார். "நான் எங்கம்மா போகப்போறேன், வீட்லதான் இருப்பேன்" என்றார்.

மத்தியானம் அவர் மகளுக்குப் புதுக்கோட்டையில் பிரசவ வலி எடுத்துவிட்டது. அத்தை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. போன் சுவிட்ச் ஆஃப்.

பூட்டு உடைக்க ஆள் தேடி அப்பா படியிறங்கி ஓடினார். அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தபடி போன் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவள் மட்டும் அசையவில்லை.

அப்பாடா.

மனதுக்குள் அப்படி ஒரு சொல் வந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

இந்த விமானத்தை விட்டால் அவ்வளவுதான். தொண்டு நிறுவனத்தில் அவளுக்குப் பதிலாகக் காத்திருக்கும் இன்னொருத்தியை அனுப்பிவிடுவார்கள். முன்பே சொல்லியிருந்தார்கள்.

கம்போடியாவில் ஒரு மீன்பிடி கிராமம். ஒரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரவேண்டும். சம்பளம் கிடையாது. யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது அவளேதான் கையைத் தூக்கினாள். யாரும் பிடித்துத் தள்ளவில்லை.

பயிற்சியின் கடைசி நாள் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கூடப் பயிற்சிக்கு வந்தவர்களே பிள்ளைகளாக நடித்தார்கள். பலகையில் அரை என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். குரல் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் யாரோ பாவம் பார்த்துக் கைதட்டி முடித்துவைத்தார்கள்.

அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசும்.

அதற்கப்புறம் தினமும் பீரோக் கண்ணாடி முன் நின்று பின்னக் கணக்கு நடத்தினாள். பின்னத்தை உடைத்துக் காட்ட வாங்கிவைத்த கடலைமிட்டாயில் பாதியை அப்பா தின்றுவிட்டார். பாடம் மட்டும் ஒருநாளும் முழுதாக முடியவில்லை.

பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லவில்லை. போகவே கூடாது என்ற அம்மாவோடு இரண்டு மாதம் சண்டை பிடித்து வாங்கிய சம்மதம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

இனிமேல் சொல்லவும் வேண்டாம். பூட்டு காப்பாற்றிவிட்டது.

அப்போதுதான் அந்தச் சாவி ஞாபகம் வந்தது.

ரம்ஜானுக்கு மகள் வீட்டுக்குப் போனபோது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அத்தை கொடுத்த மாற்றுச் சாவி. வந்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அடுக்களை அலமாரியில், ஊக்கு போட்டுவைக்கும் டம்ளரில் அவள்தான் போட்டுவைத்தாள். அப்பாவுக்குத் தெரியாது. அம்மா அந்த வாரம் சித்தி வீட்டில் இருந்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். பாவம், அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

அப்பா மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். தனியாகத்தான் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் இல்லை. பூட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். கதவு அதிர்ந்தது, பூட்டு அப்படியே இருந்தது.

"எல்லாம் என்னாலதாம்மா" என்றார். "பெரிய பரஸ்தானம்."

அவர் கண் கலங்கிவிட்டது. இதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டேதான் இருப்பார்.

அவளால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அடுக்களைக்கு ஓடினாள்.

டம்ளரைக் கவிழ்த்தாள். ஊக்குகள் சிதறின. ஊக்குகள் மட்டும்தான்.

அலமாரி முழுக்கத் துழாவினாள். மஞ்சள் டப்பா உருண்டது. இல்லை.

கீழே ஹாரன். விமானம் போய்விடுமே என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. ஐயோ, போய்விடுமே. ஒரு வருடம் அங்கே திக்கித்திக்கியாவது நின்றிருக்கலாமே.

திரும்பினாள்.

அம்மா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

தினமும் காலையில் சேலைக்கு ஊக்கு எடுக்கிறவள் அம்மா. அந்த டம்ளரில் என்ன கிடக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாதா? அது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை?

அம்மாவின் ஒரு கையில் போன். இன்னொரு கை மூடியிருந்தது.



"கண்ணாடி முன்னாடி நின்னு நீ அழுததைப் பார்த்தேன்" என்றாள் அம்மா. "நீ சாவியைத் தேடமாட்டேன்னு நெனச்சேன்டி."

கையை நீட்டித் திறந்தாள்.

அவள் சாவியை எடுத்தாள். சூடாக இருந்தது. அது இருந்த இடத்தில், அம்மாவின் உள்ளங்கையில், சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அம்மா அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஓடு. அப்பா அழறாரு பாரு."