குழி விழுந்த பிஸ்டன்

பந்தயக் கார் எஞ்சினுக்காக மெக்கானிக் இன்னாசி ஆறு புது பிஸ்டன்களைத் தேர்ந்தெடுத்தார். பளபளவென்று இருந்த ஒவ்வொன்றின் தலையிலும் குழி வெட்டி, எஞ்சினுக்குள் பூட்டினார்.

முதல் பிஸ்டனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "நல்லா இருந்த தலையை இப்படிக் குடைஞ்சிட்டாரே!" என்று, மேலே இருந்து காற்றை உள்ளே விடும் வால்விடம் புலம்பியது.

வால்வு தன் பயத்தைச் சொன்னது. "என்னை வழக்கத்தைவிட ஆழமா இறங்கும்படி மாத்தியிருக்கார். நீ மேலே வரும்போது நானும் கீழே வருவேன். மோதிக்கிட்டா ரெண்டு பேருமே பிழைக்க மாட்டோம்."

இன்னாசி சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. வேகம் கூடக் கூட, பிஸ்டன் மேலே பாய்ந்தது. எதிரே வால்வு இறங்கி வந்தது. நிற்க இருவராலும் முடியவில்லை. பிஸ்டன் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

மோதல் எதுவும் நடக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தது. வால்வு அந்தக் குழிக்குள் இறங்கி, ஒரு மயிரிழை தள்ளி, அதைத் தொடாமலே மேலே திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து ஐந்து சிலிண்டர்களிலும் அதே அதிசயம் நடந்துகொண்டிருந்தது.

"குடைஞ்ச இடம் வலிக்குதா?" என்று கேட்டது வால்வு.

"இல்லை," என்றது பிஸ்டன். "இன்னொரு தடவை வா. இப்போ கண்ணை மூடாமப் பார்க்கணும்."